ஓட்டையை அடைப்போம், வீட்டின் மூச்சை அடைக்க வேண்டாம்!



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இந்த முறை நம் வீட்டுக் கதவு, ஜன்னல், சுவர் ஓட்டை பற்றிப் பேசலாம் என்று இருக்கிறோம். "இதுல பேச என்ன இருக்கு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, போன ஐப்பசி மாதம் வரைக்கும்.

ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு ஊரில் மாதக் கூட்டம். ஒரு கூட்டம் தவறாமல் வருகிற உறுப்பினர் ஒருவர் அன்றைக்கு வரவில்லை. விசாரித்தோம். "ரெண்டு வயசுப் புள்ளைக்கு மூச்சு இளைக்குது, ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க" என்றார்கள். மறுநாள் பார்க்கப் போனோம். "வீட்டுக்குள்ள என்ன எரிக்கிறீங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம்.

அந்த அம்மா எங்களிடம் சொன்னார்: "மழைக்கு வெளி அடுப்பு நனைஞ்சு போச்சு. அதனால விறகு அடுப்ப உள்ளயே வச்சிக்கிட்டேன். ராத்திரி கொசுவர்த்தி கொளுத்துவோம். ஜன்னலையெல்லாம் சாக்கு வச்சு அடைச்சிட்டேன். போன கூட்டத்துல நீங்கதானே மேடம் சொன்னீங்க, ஜன்னல அடைங்க, கொசு வராதுன்னு?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. ஆமாம், டெங்கு விழிப்புணர்வுக் கூட்டத்தில் அப்படிச் சொன்னது நாங்கள்தான். எதை வைத்து அடைக்க வேண்டும், எதை அடைக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டதும் நாங்கள்தான். ஐந்து நாள் கழித்துக் குழந்தை வீடு திரும்பியது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இந்தக் கட்டுரையில் சொல்கிறோம்.

கூரை வீடும் காங்கிரீட் வீடும்

நம் அம்மாக்கள் கீற்று வேய்ந்த வீட்டுக்குள்தான் விறகு அடுப்பு எரித்தார்கள். அப்போதும் புகை இருந்தது, கண் எரிந்தது, இருமலும் இருந்தது. ஆனாலும் கீற்றின் இடுக்கு வழியாகப் புகை மெல்ல மெல்ல வெளியே போய்விடும். காலையில் பார்த்தால் கூரை முழுக்கப் புகை விடுகிற மாதிரி தெரியும். ஓட்டு வீட்டிலும் ஓட்டுக்கு ஓடு இடைவெளி உண்டு. சமையல்கட்டுக்கு மேலே புகைக்கூண்டு வைத்துக் கட்டியவர்களும் உண்டு.

இப்போது நிலைமை வேறு. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2016இல் பிரதமர் வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று வரிசையாகத் திட்டங்கள் வந்து, நம் பக்கத்தில் குடிசைகள் குறைந்துவிட்டன. இது பெரிய முன்னேற்றம். தீப்பிடிக்கும் பயம் போனது, ஒழுகல் போனது. ஆனால் காங்கிரீட் தளத்தில் இடுக்கு கிடையாது. ஜன்னலையும் அடைத்துவிட்டால் உள்ளே போன புகை உள்ளேயேதான் சுற்றும். கூரை வீட்டில் பழகிய பழக்கத்தைக் காங்கிரீட் வீட்டுக்கும் அப்படியே கொண்டு வந்தால் ஆபத்து. அந்தக் குழந்தைக்கு நடந்தது இதுதான்.

அப்படியானால் எதையும் அடைக்கவே வேண்டாமா? அப்படியும் இல்லை. அடைக்க வேண்டிய ஓட்டைகள் நிறைய இருக்கின்றன.

ஓட்டை வழியாக என்னென்ன வருகிறது?

முதலாவது, பூச்சியும் பாம்பும். சுண்டெலி நுழைய ஒரு பென்சில் கனத்துக்குத் துளை இருந்தால் போதும். எலி வந்த வழியில் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடித்த இடத்தில் பெரிதாக வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. அதனால் பல பேருக்குக் கடித்ததே தெரியாமல் போகிறது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், அந்த வீட்டில் தரையில் படுப்பது பயம்தான்.

இரண்டாவது, கொசு. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும். காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னாலும் அதிகம் கடிக்கும். ராத்திரி மட்டும் ஜன்னலைச் சாத்தி டெங்கைத் தடுக்க முடியாது.

மூன்றாவது, புழுதி. அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. அதனால்தான் சிமெண்ட் ஆலைகளும் சுரங்கங்களும் இங்கே வந்தன. லாரி போகிற சாலை ஓரத்தில் வீடு உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. காலையில் துடைத்த அலமாரியில் மாலையில் விரலால் பேர் எழுதலாம்.

நான்காவது, மழைச்சாரல். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு அடிக்கும் மழை ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள கீறலில் இறங்கும். சுவர் ஓதம் காத்து, பூசணம் பிடிக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கு அந்தப் பூசணமும் ஆகாது.

ஐந்தாவது, வெயில் நேரத்து அனல் காற்று. ஏ.சி. போட்டிருக்கும் வீடுகளில் இந்த ஓட்டைகள் வழியாகக் குளிர்ச்சி வெளியே போகும், கரண்ட் பில் ஏறும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு இஞ்சினியர் தேவையில்லை. மூன்று எளிய சோதனைகள் போதும்.

வெளிச்சச் சோதனை: நல்ல வெயில் நேரத்தில் எல்லாக் கதவு, ஜன்னலையும் சாத்துங்கள். உள்ளே இருட்டில் நின்று சுற்றிப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கோடு போடுகிறதோ அங்கெல்லாம் ஓட்டை. கதவின் அடிப்பக்கம், சுவரும் கூரையும் சேரும் இடம், வயர் நுழையும் துளை மூன்றையும் மறக்காமல் பாருங்கள்.

ஊதுபத்திச் சோதனை: காற்று வீசும் நாளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், வாசக்கால் ஓரம் மெதுவாகக் கொண்டு போங்கள். புகை நேராக மேலே போனால் அங்கே கசிவு இல்லை. சாய்ந்தாலோ, ஆடினாலோ அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். துணி, திரைச்சீலை பக்கத்தில் கவனமாக இருங்கள்.

காகிதச் சோதனை: கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சாத்துங்கள். இழுத்தால் சுலபமாக வந்துவிட்டால் கதவு சரியாகப் பொருந்தவில்லை.

ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஓட்டை உள்ள இடத்தில் புள்ளி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விளையாட்டு போலச் செய்துவிடுவார்கள்.

எதை வைத்து அடைப்பது?

- கதவு அடி: பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, கதவின் அடியில் தரையைத் தொடும்படி ஆணி அடிக்கலாம். ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால், பழைய சேலையில் நீளமான பை தைத்து, மணல் நிரப்பி, ராத்திரி கதவோரம் போட்டுவிடுங்கள். கதவு முழுவதற்கும் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

- எலி வளை: வெறும் மண்ணை வைத்து அடைத்தால் ஒரே ராத்திரியில் எலி தோண்டிவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை உள்ளே திணித்து, மேலே சிமெண்ட் கலவை பூசுங்கள். எலியால் கம்பி நாரைக் கடித்து எடுக்க முடியாது.

- சுவர்த் துளை, வயர் துளை: ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு சலித்த மணல். பூசுவதற்கு முன் அந்த இடத்தைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். பூசிய பிறகும் சில நாள் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். வயர் துளை என்றால் முதலில் மெயினை நிறுத்துங்கள். வயரின் மேல்தோல் உரிந்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் தொடாதீர்கள்.

- மர நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள கீறல்: மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதனால் சிமெண்ட் பூசினால் மறு வருஷமே விரிசல் விடும். சிலிக்கான் பசை போன்ற, இழுத்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பொருள்தான் இதற்கு ஏற்றது.

- ஜன்னல்: சாக்கு, அட்டை, பாலித்தீன் எதுவும் வேண்டாம். நைலான் கொசு வலை போதும். ஓரத்தில் ஒட்டுப்பட்டை தைத்துவிட்டால் கழற்றித் துவைக்கலாம். வலையில் புழுதி படிந்தால் காற்று வருவது குறையும். அதனால் மாதம் ஒரு முறையாவது துவைக்க வேண்டும்.

- குளியலறைத் தண்ணீர் போகும் குழாய்: வெளி வாயில் கம்பி வலை மூடி போடுங்கள். பாம்பும் கரப்பானும் வருகிற முக்கிய வழி இது. கழிப்பறைத் தொட்டியின் காற்றுக் குழாய் உச்சியிலும் வலை கட்ட வேண்டும். அந்தத் தொட்டிக்குள்தான் கொசு ஆயிரக்கணக்கில் பெருகும். வலைதான் கட்ட வேண்டும், குழாயை அடைத்துவிடக் கூடாது.

- சீட் வீடு: அலைசீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அரைவட்டம் அரைவட்டமாக இடைவெளி இருக்கும். அதைக் கலவை போட்டு மூடாதீர்கள். சூடான காற்று வெளியேற அது ஒன்றுதான் வழி. கம்பி வலை வைத்து ஆணி அடியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை அறுக்கவோ, துளை போடவோ, உடைக்கவோ வேண்டாம். அதிலிருந்து பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

அடைக்கவே கூடாத வழிகள்

சகோதரிகளே, இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று: சமையலறையின் மேல் வழி. புகை சூடாக இருக்கும், சூடான காற்று மேலே ஏறும். அதனால் கூரையை ஒட்டி ஒரு வெண்டிலேட்டரோ, சிமெண்ட் ஜாலியோ திறந்தே இருக்க வேண்டும். வலை போடலாம், ஆனால் விறகுப் புகையின் கரி படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி தட்டிக் கழுவ வேண்டும்.

இரண்டு: சமையலறையின் கீழ் வழி. கேஸ் சிலிண்டரில் உள்ள வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டர் வைத்திருக்கும் இடத்தில் தரைமட்டத்தில் வெளியே போக ஒரு வழி வேண்டும். இந்தக் கதவின் அடிக்கு டியூப் அடிக்காதீர்கள். பாம்பு பயம் இருந்தால் இடைவெளியில் கம்பி வலை அடியுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906 எண்ணுக்குப் பேசுங்கள்.

மூன்று: எதிரெதிர் ஜன்னல்கள். காற்று ஒரு பக்கம் வந்தால் மட்டும் போதாது, எதிர்ப் பக்கம் வெளியே போக வேண்டும். பீரோ, கட்டில், நெல் மூட்டை வைத்து ஒரு ஜன்னலை மறைத்தால் மற்ற ஜன்னலும் பாதி வீண். காசநோய் உள்ளவர் இருமும்போது வரும் கிருமி, மூடிய அறையில் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். காற்றோட்டம் இருந்தால் அது கலைந்து போகும்.

மூடிய அறையில் எரியும் நெருப்பு

விறகு, கரி, எருவாட்டி எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி வரும். தூக்கத்தில் இருந்தால் அது கூடத் தெரியாது. மலைப் பகுதிகளில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் படிக்கிறோம். நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனால் பிள்ளை பெற்றவளின் அறையில் கதவைச் சாத்தி, கணப்புச் சட்டி வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து, 108க்குப் பேசுங்கள்.

புகையில் இன்னொரு கேடு நுண்துகள். தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியில் சிக்காமல் நேராக நுரையீரலின் அடிக்குப் போகும். சீனா, மலேசியா நாடுகளின் கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். ஜன்னலை அடைத்துவிட்டுச் சுருள் கொளுத்துவது, கைக்குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பது மாதிரிதான்.

வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரம் பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்திலும், 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்திலும் நம்மில் பலர் வீட்டுக்கு கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச விறகுதான். முந்திரிக்காட்டிலும் தைலமரத் தோப்பிலும் பொறுக்கும் சுள்ளி காசில்லாமல் கிடைக்கும்போது, சிலிண்டர் விலைக்குப் பயந்து விறகுக்குப் போவதை நாங்கள் குறை சொல்லவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அடுப்பு வெளியே இருக்கட்டும். மழைக்கு நாலு கால் நட்டு, மேலே மட்டும் தகரம் போட்ட கொட்டகை போதும். சுவர் வேண்டாம்.

எப்போது திறப்பது, எப்போது சாத்துவது?

- காலை: எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள். ராத்திரி தேங்கிய காற்று போகட்டும். ஏ.சி. அறை என்றாலும் இதே பழக்கம் வேண்டும்.
- கோடை மதியம்: வெளியே அனல் அடிக்கும்போது வெயில் விழும் பக்கத்து ஜன்னலைச் சாத்தலாம். வீட்டுக்குள் அடுப்பு எரியும் நேரத்தில் மட்டும் சாத்தக் கூடாது.
- லாரி அதிகம் போகும் நேரம்: தெருப் பக்கம் சாத்தி, கொல்லைப் பக்கம் திறந்து வையுங்கள். துடைப்பத்தால் புழுதி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.
- பொழுது சாய்ந்த பிறகு: காங்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை ராத்திரியில்தான் கக்கும். வலை போட்ட ஜன்னல் திறந்தே இருக்கட்டும். சுருளுக்குப் பதில் கொசு வலை கட்டிப் படுங்கள்.

குளிர் நாட்டில் என்ன செய்கிறார்கள்?

வெளிநாடுகளில் வீட்டைக் காற்றுப் புகாமல் அடைப்பது ஒரு தனித் தொழில். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்ற ஊரில் 1991இல் அப்படி ஒரு வீட்டைக் கட்டினார்கள். பனிக்காலத்திலும் மிகக் குறைந்த எரிபொருளில் வீடு கதகதப்பாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். இந்த மாதிரி வீடுகளில் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, காற்றை அழுத்தி, எங்கே கசிகிறது என்று சோதிப்பார்கள். நம் ஊதுபத்திச் சோதனையின் பெரியண்ணன் அது!

ஆனால் கவனியுங்கள். இப்படி அடைத்த வீட்டில், கெட்ட காற்றை வெளியேற்றி நல்ல காற்றைக் கொண்டுவர இரவும் பகலும் ஓடும் தனி இயந்திரத்தையும் வைக்கிறார்கள். அந்த இயந்திரம் நம்மிடம் இல்லை. நமக்கு ஜன்னல்தான் இயந்திரம். அதனால்தான் இத்தனை தூரம் சொல்கிறோம்.

குழுவில் என்ன செய்யலாம்?

அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்த வாரமே குழு உறுப்பினர்கள் ஆறு பேரும் நாங்களும் அங்கே போனோம். சாக்கை எடுத்தோம். வலை தைத்தோம். கணவர் கொல்லையில் அடுப்புக் கொட்டகை போட்டார். கதவடிக்குச் சைக்கிள் டியூப் அடித்தோம். ஒரு பகல் வேலைதான். அந்த மாதமே இன்னும் நான்கு பேர் "எங்க வீட்டுக்கும் வாங்க" என்று கூப்பிட்டார்கள். குழந்தைக்குக் குளிர் காலத்தில் இன்னும் கொஞ்சம் இளைப்பு வருகிறது, மருந்து தொடர்கிறது. ஆனால் அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகவில்லை.

உங்கள் குழுவும் செய்யலாம். வலைத் துணியை ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்காமல் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். தையல் தெரிந்த உறுப்பினருக்கு அது ஒரு சின்ன வருமானம். முடியாதவர்களுக்கு உள்கடன் கொடுக்கலாம். புது வீடு கட்டப் போகிறவர்கள், கடைக்கால் தோண்டும் முன்பே கொத்தனாரிடம் சமையலறைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வழி வைக்கச் சொல்லுங்கள். தளம் போட்ட பிறகு இடிப்பது கஷ்டம், கட்டும்போது வைப்பது சுலபம்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் விறகு அடுப்பு உள்ளே இருக்கிறது?
2. எத்தனை வீட்டு ஜன்னல் சாக்கு, அட்டை, பீரோவால் மூடியிருக்கிறது?
3. தரையில் படுக்கும் வீடுகளில் கதவடி இடைவெளி எவ்வளவு?
4. முதலில் யார் வீட்டுக்குப் போகலாம்?

விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நாங்கள் வரும்போது பார்க்கிறோம். கைக்குழந்தையும் இளைப்பு உள்ள பெரியவர்களும் இருக்கும் வீட்டிலிருந்து தொடங்குங்கள், சகோதரிகளே. கூப்பிட்டால் நாங்களும் வருகிறோம், ஊதுபத்தியோடு.